காவலும் ஒரு கூட்டுறவே

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் எங்களைப் போன்றோர், அலுவலகத்துள் நுழைந்ததும் முதற்கண் பார்ப்பது இரும்புப் பெட்டியை. அதற்குச் சாவிகள் இரண்டு. ஒன்று செயலாளரிடமும், மற்றொன்று தலைவரிடமோ நிர்வாகக் குழு குறித்த வேறொருவரிடமோ இருத்தல் வேண்டும். இரண்டு சாவிகளும் ஒருவர் இடுப்பிலேயே தொங்குமாயின், பெட்டியில் உள்ள பணம் காசுக்குக் காசு சரியாக இருந்தாலும் அதைக் குறையென்றே எழுதுவோம். செயலாளர் மீது ஐயம் கொண்டு ஏற்பட்ட விதியென்று இதைச் சிலர் வருத்தத்தோடு பேசுவதுண்டு. பொதுப் பணத்தைக் காக்கும் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றலாகாது என்னும் அனுபவத்தால் ஏற்பட்ட விதி இது.

ஊரின் காவலுக்கும் இவ்வாறே சாவிகள் இரண்டு என்பது என் துணிபு. ஒன்று போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. மற்றொன்று ஊராட்சி மன்றத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து திரும்பினாலன்றிப் பூட்டு இயங்காது. நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் இவ்விரு சாவிகளும் ஓரிடத்தில் சந்திப்பது அரிது. அதனால் விளையும் நட்டத்தைத் தாங்குவோர் பெரும்பாலும் நம் சங்கங்களின் அங்கத்தினர்களே. ஆதலின் இப்பொருளை நம் ஏட்டில் எழுதத் துணிந்தேன். இங்கே கூறுவன என் சொந்தக் கருத்துகள். இலாகாவின் கருத்துகள் அல்ல.

திருச்சுழிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூருக்குக் கடன் ஆய்வின் பொருட்டு ஒரு மாசி மாதத்தில் சென்றிருந்தேன். ஊரின் பெயர் வேண்டா. அந்தக் கரிசற் சீமையில் பல ஊர்களுக்கும் இக்கதை பொருந்தும். தவணை கட்டத் தவறிய அங்கத்தினர் ஒருவரைக் கண்டு காரணம் கேட்டேன். அவர் அறுபதை நெருங்கியவர். இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார். அவ்வாண்டு மழை கைவிடவில்லை. செடி பூத்துப் பிஞ்சு பிடித்த சமயத்தில், கிணற்று மோட்டாருக்குச் செல்லும் ஒயரை இரவோடிரவாக எவரோ அறுத்துச் சென்றுவிட்டனர். சீமைக் கருவேல மறைவில் மேலுறையை எரித்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தனர். சாம்பல் அங்கேயே கிடந்தது.

"ஒயர் போனதுகூடப் பெரிசில்ல சார். மறுபடி வாங்கிக் கோக்க ஒன்பது நாளாச்சு. அந்த ஒன்பது நாளும் செடி தண்ணி காணல" என்றார். பிஞ்செல்லாம் உதிர்ந்துபோயிற்று. எஞ்சிய காயில் பறிப்புக் கூலிதான் தேறியது.

"போலீஸில் எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அங்க போனா ஒருநாள் பொழப்புப் போகும். யார் மேல சந்தேகம்னு கேப்பாக. சொன்னா ஊருக்குள்ள பகை. சொல்லலேன்னா எதுக்கு வந்தேம்பாக."

அன்று அவ்வூரிலேயே வேறு நால்வரிடம் விசாரித்தேன். அவர்களுள் இருவருக்கும் அதே பருவத்தில் ஒயர் போயிருந்தது. ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி அருப்புக்கோட்டையை அடுத்த ஓர் ஊரில் நான் கண்டது. அங்கே நெசவாளர் சங்கக் கட்டடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே மூன்று மின்கம்பங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றிலும் பல நாட்களாக விளக்கு எரியவில்லை. நெய்த சேலையை ஒப்படைத்துக் கூலியும் அடுத்த பாவுக்கு நூலும் பெற்றுக்கொண்டு அந்தி மயங்கும் நேரத்தில் திரும்பிய பெண்மணி ஒருவரின் பையை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துச் சென்றனர். கூலிப் பணம் போயிற்று, நூலும் போயிற்று. நூல் சங்கத்தின் சொத்தாதலால் அது அவர் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அதன் பின்னர் மூன்று மாதங்கள் கூலி நாளன்று பெண்கள் எவரும் தனியே வருவதில்லை. ஆண்மக்களை அனுப்பினர். கூலியில் ஒரு பகுதி எங்கே சென்றது என்பதை நான் எழுத வேண்டியதில்லை; நெசவாளர் குடும்பங்கள் அறியும்.

விளக்கைப் பற்றிக் கேட்டபோது ஊராட்சியில், "வழிப்பறி போலீஸார் பார்க்க வேண்டியது" என்றனர். போலீஸ் தரப்பில், "விளக்குப் போடுவது ஊராட்சியின் வேலை" என்றனர். இரு தரப்பினர் சொன்னதும் உண்மையே. இரண்டு உண்மைகளுக்கு நடுவே அத்தெரு இருண்டு கிடந்தது.

இங்கே ஆய்வாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நிலுவையே இல்லை என்று ஏடு காட்டும் சங்கத்துக்குச் சென்றால் நாங்கள் மகிழ்வதற்கு முன்னர் ஐயுறுவோம். பழைய கடனைப் புதுக் கடனால் தீர்த்ததாக எழுதும் புத்தகச் சரிக்கட்டல் அங்கே நடந்திருக்கக்கூடும். ஏட்டில் நோய் தெரியாதபடியால் மருந்தும் வாராது; ஒருநாள் சங்கமே சாய்ந்துவிடும். புகார் கொடுக்கப்படாத களவும் இத்தகையதே. ஐந்து பேரில் மூவர் ஒயரைப் பறிகொடுத்த அவ்வூர், போலீஸ் நிலைய ஏட்டில் அமைதியான ஊர். அமைதியான ஊருக்கு இரவு ரோந்து எதற்கு? ரோந்து வாராத ஊரில் களவு எளிது. களவு மிகுந்தாலும் புகார் இல்லை. நம் அச்சமே நம் ஊரைப் பற்றிப் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

இக்குறை எங்கிருந்து வந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். பாளையக்காரர் காலத்தில் தென்சீமையில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. காவற்காரர் ஊராரிடம் காவற் கூலி பெற்றனர். களவு போன பொருளை மீட்டுத் தரவோ, இயலாவிடின் ஈடு செய்யவோ அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடுதான். நடைமுறையிலோ கூலி கொடாத ஊரில் காவற்காரரே களவு செய்விப்பதும் நிகழ்ந்தது. காணாமற் போன மாட்டைத் திரும்பப் பெறத் துப்புக் கூலி கொடுத்த கதைகளை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்போம். கும்பினி ஆட்சி இம்முறையை ஒழிக்க முற்பட்டு, 1816-ஆம் ஆண்டின் பதினோராவது ரெகுலேஷன் வாயிலாகக் கிராமத் தலைவரையே கிராமப் போலீஸின் தலைவராக்கியது. தலையாரி அவருக்குக் கீழே பணிபுரிந்தார். வரி வாங்கும் முன்சீபே களவையும் கொலையையும் மேலிடத்துக்கு அறிவிப்பவராகவும் இருந்தார்.

இம்முறையை நான் புகழ வரவில்லை. பதவி பரம்பரையாகச் சென்றது. ஊரின் ஆதிக்கக் குடும்பம் எதுவோ, அதுவே காவலும் ஆயிற்று. ஏழைக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அக்காவல் பல இடங்களில் காவலாக இருக்கவில்லை. பரம்பரைக் கிராம உத்தியோகங்களைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது முறையான செயலே. அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி கிராம உதவியாளர் ஆனார். ஆயினும் ஊருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் இடையே நாள்தோறும் சென்று வந்த ஓர் இணைப்பு அதனோடு தளர்ந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. அவ்விணைப்பைக் குடியாட்சி முறையில் புதிதாக முடிந்திருக்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. மகாராஷ்டிர மாநிலம் 1967-இல் தனிச் சட்டமே இயற்றிக் கிராமந்தோறும் போலீஸ் பாட்டீல் என்னும் பணியாளரை வைத்துக்கொண்டது. 2007-இல் தகராறற்ற கிராமம் என்னும் இயக்கத்தை மகாத்மா காந்தியின் பெயரால் தொடங்கி, கிராம சபையின் குழுவையும் போலீஸாரையும் சிறு வழக்குகளைச் சமரசம் செய்வதில் சேர்த்துப் பணிபுரியச் செய்தது.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடைபெற்றது. அது பிறந்த இடம் நமக்கு அண்டை வீடு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே அல்லவா? அந்த இராமநாதபுரத்தில் 1993-இல் போலீஸ் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களுள் விருப்பமுள்ள ஆடவரும் பெண்டிரும் போலீஸாரோடு சேர்ந்து ரோந்துக்கும், திருவிழாப் பாதுகாப்புக்கும், செய்தி சேர்ப்பதற்கும் உதவினர். பின்னர் அது மாநிலமெங்கும் பரவியது. சாமானியர் அஞ்சாமல் நிலையத்தின் படியேற வேண்டும் என்பதே அதன் கருத்து. கருத்து உயர்ந்ததே.

ஆனால் அதன் முடிவு வருந்தத்தக்கது. 2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டச் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த கொடுமையை நாடே அறியும். அந்நிலையத்தோடு தொடர்புடைய 'நண்பர்கள்' மீதும் அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த ஜூலையில் அரசு அவ்வியக்கத்தையே தடை செய்தது.

எங்கே தவறு நேர்ந்தது? நண்பர்களை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை, நிலையம் தேர்ந்தெடுத்தது. அவர்கள் செய்ததையும் செய்யாததையும் கேட்க ஊரில் ஒரு சபை இல்லை. சட்டப்படி அவர்கள் போலீஸாரும் அல்லர். ஆதலால் போலீஸாருக்குரிய கட்டுப்பாடும் அவர்கள் மீது இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் நல்லோர் நல்ல பணி செய்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சங்கம் நல்ல செயலாளரை மட்டும் நம்பி நிலைக்காது. அவர் மாறிய மறுநாள் என்னவாகும் என்பதே கேள்வி. முன்சீப் முறையில் இரு சாவிகளும் ஒரு குடும்பத்திடம் இருந்தன. நண்பர்கள் முறையில் இரு சாவிகளும் நிலையத்திடம் இருந்தன. பொதுக்குழு என்னும் மூன்றாவது கண் இரண்டிலும் இல்லை.

பிற நாட்டில் இதை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குற்றமும் ஒழுங்கின்மையும் பற்றிய சட்டம், நகர, வட்டார மன்றங்களையும் போலீஸையும் கூட்டுப் பொறுப்பாளிகளாக ஆக்கிற்று. இருவரும் சேர்ந்து தம் பகுதியில் என்ன குற்றம், எங்கே, எவ்வளவு நடக்கிறது என்று ஆராய்ந்து வெளியிட வேண்டும்; மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும்; மூன்றாண்டுத் திட்டம் வகுக்க வேண்டும். இந்த ஆராய்ச்சியை அந்நாட்டார் குற்றத் தணிக்கை என்றே வழங்கினர். அச்சொல்லைப் படித்தபோது நான் மகிழ்ந்தேன். விளக்கில்லாத தெருவும், வேலையில்லாத இளைஞரும், பூட்டில்லாத கிடங்கும் குற்றக் கணக்கில் சேர்ந்தவையே என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. கேரள மாநிலத்தில் 2008-இல் இருபது நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட போலீஸார் வீடுவீடாகச் சென்று மக்களை அறிந்துகொள்ள வேண்டும் என்பதும், நிலையந்தோறும் மக்கள் சமிதி கூட வேண்டும் என்பதும் ஏற்பாடு.

நமக்குச் சட்டம் இல்லையே என்று சிலர் கூறுவர். போதிய சட்டம் இருக்கிறது. நாம்தாம் அதைப் படிப்பதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, குடியிருப்புப் பகுதிகளில் தெருவுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கிடுவதை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. மற்றொருபுறம், 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34-ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40-ஆம் பிரிவாக இருந்ததே அது. கிராம அலுவலர்களும் கிராமத்தில் வசிப்போரும் சில செய்திகளைத் தாமதமின்றி அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் நிலையத்துக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஊராட்சி மன்ற உறுப்பினரும் இப்பிரிவின்படி கிராம அலுவலரே. அறிவிக்க வேண்டியவற்றுள் முதலாவதாகச் சட்டம் குறிப்பது எதை? திருட்டுப் பொருளை வாங்குவதிலும் விற்பதிலும் பேர்போனவர் ஊரிலோ அருகிலோ தங்கியிருப்பதை! மிளகாய்க் காட்டில் எரித்தெடுத்த செம்பு எந்தப் பழைய இரும்புக் கடையின் தராசில் ஏறுகிறது என்பதைச் சட்டம் நம்மிடமே கேட்கிறது. மோட்டார் ஒயர் திருட்டை ஒழிக்கும் வழி கிணற்றடியில் விழித்திருப்பதைவிட அத்தராசினருகே விழித்திருப்பதில் மிகுதியாக உள்ளது.

கூடி ஆராய இடமும் உண்டு. ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுதல் வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்மில் எத்தனை பேர் இந்த ஆறு நாட்களிலும் சென்றிருக்கிறோம்? சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு ஒரு முறை வருவதற்கே நாம் படும் பாட்டை நான் அறிவேன்.

இனி எதிர்ப்புரைகளைக் கேட்போம். முதலாவது, வலிமை மிக்கது. 'ஊராட்சியே ஒரு சாதியின் கைப்பிடியில் இருந்தால், அதனிடம் காவலைச் சேர்ப்பது நரியிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைப்பதாகாதா?' இது கற்பனை அச்சமன்று. மதுரை மாவட்ட மேலவளவில், ஒதுக்கீட்டுத் தொகுதியில் தலைவராகத் தேர்வு பெற்ற முருகேசனும் உடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊராட்சித் தலைவருக்கே காவல் இல்லாத நிலையை அன்று கண்டோம். நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும், மதுரை மாவட்டப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் 1996 முதல் பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுத் தலைவர் பதவி நிலைபெறாமலே கிடந்தன. நிர்வாகம் ஊராரோடு பொறுமையாகப் பேசி, அஞ்சியோருக்குத் துணை நின்ற பின்னரே 2006-இல் அங்கெல்லாம் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைத் தருகின்றன. குடியாட்சிக்குக் காவல் வேண்டும். காவலுக்கும் குடியாட்சி வேண்டும். ஒன்று விலகி நின்றால் மேலவளவு. இரண்டும் சேர்ந்தால் கொட்டக்கச்சியேந்தலிலும் நாற்காலி நிலைக்கும்.

ஆதலின் நான் வேண்டும் குழு பஞ்சாயம் பேசும் குழு அன்று. கட்டப் பஞ்சாயத்துகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றும், அவற்றை ஒடுக்கத் தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், நம் தமிழகத்து வழக்கொன்றிலேயே உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்புரைத்திருக்கிறது. பாதுகாப்புக் குழுவினர் ஒருவரையும் பிடிக்கலாகாது, விசாரிக்கலாகாது, அபராதம் விதிக்கலாகாது, காதலித்து மணந்தோர் வீட்டுக் கதவைத் தட்டலாகாது. பார்ப்பதும், எழுதுவதும், அறிவிப்பதும், கேட்பதுமே அவர் பணி.

இரண்டாவது எதிர்ப்புரை, 'ஊராட்சியில் தேர்வு பெற்றோரே இல்லாத காலத்தில் யாரிடம் சொல்வது?' என்பது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். 2019-இல் தேர்வு பெற்றோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடமே சென்றது. இஃது ஓர் உண்மையான குறை. நிர்வாகக் குழு கலைக்கப்பட்டுத் தனி அலுவலரால் நடத்தப்படும் சங்கம் எத்துணைச் சோர்வுறும் என்பதை நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்? எனினும் கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள நாம் யாவருமே. தலைவர் நாற்காலி வெறுமையாயினும் சபை வெறுமையாவதில்லை.

மூன்றாவதாக, 'போலீஸாருக்கு இருக்கிற வேலையே பெரிது' என்பர். மெய்தான். பலப்பல கிராமங்களுக்கு ஒரு நிலையம். பந்தோபஸ்து, நீதிமன்றம், சம்மன் என்று ஆட்கள் போய்விட எஞ்சுவோர் சிலரே. அதனாலேயே அவர்களுக்குக் கணக்கு வேண்டும். எந்த ஊரில், எந்த வழியில், எந்த வாரத்தில் களவு நேர்கிறது என்று எழுதப்பட்ட ஏடு இருந்தால், இருக்கும் இரு காவலரையும் உரிய இடத்துக்கு அனுப்பலாம்.

இவற்றையெல்லாம் கருதி, நம் சங்கங்கள் முன்வந்து தொடங்கத்தக்க நான்கு காரியங்களைக் கூறுகிறேன். செலவு மிகுதியாக வேண்டா, ஒழுங்கு வேண்டும்.

முதலாவது: ஒவ்வொரு கிராம சபையிலும் 'ஊர்ப் பாதுகாப்பு' ஒரு பொருளாக வைக்கப்பட வேண்டும். நிலையத்திலிருந்து அலுவலர் ஒருவர் வந்திருக்குமாறு முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்க வேண்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானத்தில் நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்று முதலில் படிக்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் முன் நடவடிக்கையைப் படித்து ஒப்புதல் பெறும் வழக்கம் வெறும் சடங்கு என்று சிலர் எண்ணுகின்றனர். பேசிய பேச்சுக்குப் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கும் கருவி அது.

இரண்டாவது: ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பாதுகாப்பு ஏடு. எரியாத விளக்கு, மூடப்படாத ஆழ்துளைக் குழி, சுற்றுச் சுவரில்லாக் கிணறு, களவு போன ஆடு, அறுபட்ட ஒயர், பள்ளிப் பிள்ளைகள் செல்லும் வழியில் நடக்கும் குடி, தொலைபேசியில் வங்கி எண் கேட்டு ஏமாற்றிய செய்தி யாவும் நாள் குறித்து அதில் ஏற வேண்டும். ஒருவர் பெயரைச் சுட்டி எழுதலாகாது. ஐயம் இருப்பின் நிலையத்தில் நேரே சொல்லுக. மாதம் ஒருமுறை ஏட்டின் நகல் நிலையத்துக்குச் சென்று, பெற்றதற்கு ஒப்பம் வாங்கி வர வேண்டும்.

மூன்றாவது: கிராம சபை தேர்ந்தெடுக்கும் சிறு குழு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் நலம். இருட்டின் விலையை அவர்களே கொடுக்கின்றனர். காலனி மக்களின் பிரதிநிதி கட்டாயம் இருக்க வேண்டும். நெசவாளர் சங்கத்திலிருந்து ஒருவர், விவசாயக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவர். வழக்கில் சிக்கியவர் வேண்டா. ஆண்டுக்கொருமுறை மாற வேண்டும்.

நான்காவது: புகார் கொடுக்கச் செல்பவர் தனியே செல்லலாகாது. சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் உடன் செல்லட்டும். மனு ஏற்கப்பட்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது பெறட்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. நிலையத்தில் ஏற்க மறுத்தால் செய்தியை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது. புதுச் சட்டத்தின்படி மின்னணு முறையிலும் புகாரை அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரிற் சென்று கையொப்பமிட வேண்டும். கூலியை இழக்காமல் புகார் செய்ய இது ஒரு வாய்ப்பு. இணைய மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணில் அப்பொழுதே சொல்ல வேண்டும். நாட்கடந்தால் பணம் கைமாறிவிடும்.

இவற்றோடு சங்கம் தானே செய்யத்தக்கதும் உண்டு. கூலி வழங்கும் நேரத்தை மாலையிலிருந்து முற்பகலுக்கு மாற்றலாம். விவசாயக் கூட்டுறவுச் சங்கம் இருநூறு முந்நூறு அடி ஒயரை இருப்பில் வைத்து, அறுபட்ட மறுநாளே அங்கத்தினருக்கு இரவல் தரலாம். களவை அது தடுக்காது. ஆனால் ஒன்பது நாள் வறட்சி ஒரு நாளாகக் குறையும், பிஞ்சு நிற்கும், தவணையும் நிற்காது.

சேராமையின் விலையை 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டையிலேயே கண்டோம். கொலையொன்றால் கொதித்தெழுந்தோர் மறியல் செய்த இடத்தில், அமைதிப்படுத்தச் சென்ற பெண் துணைக் கண்காணிப்பாளர் தாக்கப்பட்டார். அச்செயலை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் நான் அன்று நினைத்தது வேறு. கொதித்து நின்ற கூட்டத்துக்கும் காக்கி உடைக்கும் நடுவே, இரு தரப்பும் முன்பே முகமறிந்து நம்பும் பத்துப் பேர் இருந்திருந்தால்? அத்தகைய பத்துப் பேரைக் கலவர நாளன்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. விளக்கையும் ஒயரையும் பற்றி மாதந்தோறும் கூடிப் பேசிய பழக்கத்தில்தான் அவர்கள் உருவாவர்.

முதலில் கூறிய அந்த மிளகாய்க்காரரைப் பின்னர் ஒருமுறை சந்தித்தேன். மறு ஆண்டும் மிளகாய் போட்டிருந்தார். பொழுது சாயும் வேளையில் மோட்டாரை நிறுத்தி, ஒயரைக் கழற்றிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்கு வந்தார். இரவில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதாகச் சொன்னார். விடியுமுன் மீண்டும் சுமந்து செல்ல வேண்டும். அவ்வூரில் இப்போது பலரும் அப்படியே செய்கின்றனராம். அதனால் களவு குறைந்திருக்கிறது. ஏட்டிலும் ஊர் அமைதியாகவே இருக்கிறது.

ஒவ்வொருவரும் தத்தம் ஒயரைத் தலைமாட்டில் வைத்து உறங்கும் ஊரைக் காவலுள்ள ஊர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தனித்தனியே சுமக்க முடியாததைச் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்காகவே நாம் சங்கம் அமைத்தோம். நூலுக்கும் உரத்துக்கும் கடனுக்கும் பொருந்திய அம்முறை காவலுக்கும் பொருந்தும். அடுத்த கிராம சபைக்கு அங்கத்தினர்கள் தவறாது செல்லுங்கள். ஊரில் எரியாத விளக்குகளை எண்ணிக்கொண்டு செல்லுங்கள். முதல் தீர்மானமாக அதுவே இருக்கட்டும்.